மால்டா காய்ச்சல் விஷயத்தில் ஆலிஸ் எவன்ஸை ஏன் நம்பவில்லை?

கயல்_பால்நுட்பம்:

எல்லோருக்கும் வணக்கம். பால்வளத் தொழில்நுட்பம் படிக்கிறேன். நுண்ணுயிரியல் பாடத்துக்கு ஆளுக்கொரு விஞ்ஞானியைக் கொடுத்து செமினார் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், எனக்கு வந்தவர் அமெரிக்காவின் ஆலிஸ் எவன்ஸ். எங்கே தேடினாலும் அதே கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது: கன்று வீசும் (அதாவது சினை கலைந்து குறைமாதத்தில் கன்று விழும்) மாட்டின் பாலில் இருக்கும் கிருமியும் மனிதனுக்கு மால்டா காய்ச்சல் தரும் கிருமியும் நெருங்கிய உறவு என்று 1917-ல் சொன்னார், அவர் பெண், டாக்டர் பட்டம் வேறு இல்லை, அதனால் யாரும் நம்பவில்லை, பிறகு அவர் சொன்னதே சரி என்றாகிவிட்டது. முடிந்தது கதை. இதை வைத்துக்கொண்டு எப்படி 20 நிமிடம் பேசுவது?

எனக்கு இடிக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. மால்டா காய்ச்சல் ஆட்டுப்பாலில் வருகிறது என்பது 1905-லேயே தெரியும். மாடு கன்று வீசுவதற்கு ஒரு கிருமி காரணம் என்று டென்மார்க்கில் பாங் 1897-லேயே கண்டுபிடித்துவிட்டார். அப்படியிருக்க இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஏன் 20 வருடம்? எவன்ஸ் பார்த்துச் சொன்ன பிறகும் ஏன் மறுத்தார்கள்? நிஜமாகவே பெண் என்பதால் மட்டும்தானா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

பழைய_லேப்காரர்:

பால் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன் அம்மா. நீ கேட்டதில் முதல் பாதிக்கு விடை மைக்ரோஸ்கோப்பில் இருக்கிறது. டேவிட் புரூஸ் பிரிட்டிஷ் ராணுவ டாக்டர், 1887-ல் மால்டா தீவில் காய்ச்சலில் இறந்துபோன சிப்பாய்களின் மண்ணீரலிலிருந்து கிருமியைப் பிரித்தார். அவர் கண்ணுக்கு அது உருண்டையாகத் தெரிந்ததால் மைக்ரோகாக்கஸ் என்ற கூட்டத்தில் சேர்த்துவிட்டார். பாங் கால்நடை மருத்துவர், அவர் பார்த்தது குச்சி மாதிரி இருந்தது, அதனால் பேசில்லஸ். உண்மையில் அது இரண்டுக்கும் நடுவில், உருண்டை என்றும் சொல்லலாம், குட்டையான குச்சி என்றும் சொல்லலாம் என்கிற அளவுக்கு இருக்கும். ஆனால் புத்தகத்தில் உருண்டை ஒரு அத்தியாயம், குச்சி வேறு அத்தியாயம். அதோடு ஒன்றைப் படிப்பவர்கள் ராணுவ டாக்டர்கள், மற்றொன்றைப் படிப்பவர்கள் மாட்டு டாக்டர்கள். ஒருவர் எழுதுவதை மற்றவர் படிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. 20 வருடம் என்ன, யாராவது வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கால் வைக்காமல் இருந்திருந்தால் இன்னும் 20 வருடம்கூட ஓடியிருக்கும்.

கால் வைத்தது ஏன் எவன்ஸ் என்றால், அவர் அந்த இரண்டு கூட்டத்திலும் இல்லாதவர். 1881-ல் பென்சில்வேனியாவில் நீத் என்ற சிற்றூரில் பிறந்தார், வேல்ஸிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியையாக இருந்தார். கிராமத்து ஆசிரியர்களுக்காக கார்னெல் பல்கலைக்கழகம் இலவசமாக நடத்திய இயற்கைப் பாட வகுப்புக்குப் போய், அப்படியே அறிவியலுக்குள் நுழைந்து, 1909-ல் பாக்டீரியாலஜியில் பட்டம் வாங்கினார். அடுத்த வருடமே விஸ்கான்சினில் முதுகலை. அதற்கு மேல் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் போகாமல் வேளாண் துறையின் பால் பிரிவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். முதலில் மாடிசனில் செடார் சீஸ் வேலை. சீஸ் பதமாகிப் பழுக்கும்போது எந்த பாக்டீரியா எப்போது தலையெடுக்கிறது, ருசி எதனால் வருகிறது என்று பார்ப்பது. ஹேஸ்டிங்ஸ், ஹார்ட் என்ற இருவரோடு சேர்ந்து அவர் எழுதிய செடார் அறிக்கை 1912-ல் வந்தது. உன் படிப்புக்கு இது ரொம்பப் பக்கம், செமினாரில் விட்டுவிடாதே, எல்லோரும் இதைத் தாண்டிக் காய்ச்சலுக்கு ஓடிவிடுகிறார்கள்.

1913-ல் வாஷிங்டனுக்கு மாற்றல். பால் பிரிவில் நிரந்தரப் பணி பெற்ற முதல் பெண் விஞ்ஞானி அவர். ஒரு பெண் வரப்போகிறார் என்று தெரிந்ததும் அதிகாரிகள் திகைத்துப் போனதாக அவரே பின்னால் எழுதியிருக்கிறார். அங்கே லோர் ராஜர்ஸ் தலைமையில் அவருக்குக் கிடைத்த வேலை, மடியிலிருந்து அப்போதுதான் கறந்த பாலில் என்ன பாக்டீரியா இருக்கிறது என்று பார்ப்பது. அந்தக் காலத்து நம்பிக்கை என்னவென்றால், மாடு ஆரோக்கியமாக இருந்து, கையும் பாத்திரமும் சுத்தமாக இருந்தால் கறந்த பால் சுத்தம், அழுக்கெல்லாம் வெளியிலிருந்து வருவதுதான். ஆனால் பார்த்தால் நல்லாத்தான் இருக்கிறது என்று சொல்லும்படியான மாட்டின் பாலில் கன்று வீச்சுக் கிருமி இருந்தது. 1911-லேயே ஷ்ரோடர், காட்டன் என்ற இருவர் இதைப் பாலில் பார்த்திருந்தார்கள், ஆனால் மனிதனுக்கு அதனால் என்ன என்ற கேள்வி அப்படியே நின்றுவிட்டது. எவன்ஸ் மால்டா கிருமியையும் இதையும் ஒரே உணவில் வளர்த்துப் பார்த்தார், சீரம் (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர்) விட்டுக் கிருமி திரள்கிறதா என்று பார்த்தார், சினையான கினிப்பன்றிக்கு ஏற்றிப் பார்த்தார். கிட்டத்தட்ட எதிலுமே பிரிக்க முடியவில்லை. 1917 டிசம்பரில் அமெரிக்க பாக்டீரியாலஜிஸ்டுகள் சங்கத்தின் கூட்டத்தில் படித்தார், 1918-ல் கட்டுரை வந்தது. அதில் அவர் தீர்ப்பெல்லாம் சொல்லவில்லை. நம் நாட்டில் காய்ச்சாத பசும்பால் குடிப்பவர்களுக்கு இதனால் நோய் எதுவும் வரவில்லை என்று நமக்கு நிச்சயமாகத் தெரியுமா என்ற கேள்வியைத்தான் போட்டார்.

நுண்ணோக்கி:

லேப்காரர் சார் சொன்னதோடு ஒரு வாதம் சேர்க்கிறேன், கொஞ்சம் எதிர்ப்பக்கமாக இருக்கும். எவன்ஸை முழு மூச்சாக எதிர்த்தவர் தியோபால்ட் ஸ்மித். இவரை வில்லனாகக் காட்டிவிட்டால் செமினார் சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அந்த மனிதர் சாதாரண ஆள் இல்லை. கால்நடைகளின் டெக்சாஸ் காய்ச்சல் உண்ணி மூலம் பரவுகிறது என்று கில்போர்னோடு சேர்ந்து 1893-ல் காட்டியவர், மாட்டுக் காசநோய்க் கிருமியும் மனிதக் காசநோய்க் கிருமியும் வேறு வேறு என்று 1898-ல் பிரித்துக் காட்டியவர். இரண்டு கிருமி பார்க்க ஒன்று போலிருந்தாலும் நோய் தருவதில் வேறாக இருக்கும் என்பது அவர் வாழ்நாள் பாடம். கன்று வீச்சுக் கிருமியைப் பற்றியும் அவர் நேரடியாக ஆராய்ந்திருக்கிறார். அவர் வைத்த கேள்வி நியாயமான கேள்வி: பாதி நாடு பச்சைப்பால் குடிக்கிறது, பாலில் இந்தக் கிருமி இருக்கிறது, அப்படியானால் நோயாளிகள் எங்கே?

நோயாளிகள் இருந்தார்கள். டைபாய்டு, மலேரியா, முடக்குவாதம், இன்ஃபுளுயன்சா என்று வேறு பெயர்களில் படுத்திருந்தார்கள். காய்ச்சல் ஏறும், இறங்கும், வியர்த்துக் கொட்டும், மூட்டு வலிக்கும். இது இன்ன நோய் என்று கைகாட்டும் அடையாளம் ஒன்றும் இல்லை. ரத்தத்திலிருந்து கிருமியை வளர்க்க நாள் கணக்கில் பொறுமை வேண்டும், டாக்டர் முதலில் சந்தேகப்பட வேண்டும், மாட்டு நோய் மனிதனுக்கு வராது என்று நினைக்கும் டாக்டர் ஏன் சந்தேகப்படப் போகிறார்? அதுவும் மாட்டு வகைக் கிருமி ஆட்டு வகையைவிட மனிதனிடம் கொஞ்சம் சாதுதான். ஆக ஸ்மித் எதிர்பார்த்த மாதிரி மால்டாவில் நடந்தது போன்ற பெரிய கொள்ளைநோய் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

அதனால் கயல், நான் காலத்தை இரண்டாகப் பிரிப்பேன். 1918 முதல் 1920 வரை சந்தேகப்பட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், புது விஷயத்தைச் சந்தேகப்படுவதுதான் அவர்கள் வேலை. 1920-ல் கலிபோர்னியாவில் கார்ல் மேயரும் ஷாவும் அதே சோதனைகளைச் செய்து எவன்ஸ் சொன்னது சரி என்று உறுதிசெய்து, இரண்டையும் ஒரே பேரினத்தில் சேர்த்து புரூசெல்லா என்று பெயரும் வைத்துவிட்டார்கள். 1924-ல் பால்டிமோரில் கீஃபர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார், மால்டாவும் ஆடும் சம்பந்தப்படாத, உள்ளூரிலேயே வந்த காய்ச்சல். அந்த நோயாளியின் கிருமி மாட்டு வகை என்று பார்த்துச் சொன்னவர் எவன்ஸ். இதற்குப் பிறகும் எதிர்த்துக்கொண்டிருந்தார்களே, அங்கேதான் ஆள் யார் என்ற விஷயம் உள்ளே வருகிறது. ஸ்மித் தன் மறுப்பை 1925-லும் விடவில்லை. டாக்டர் பட்டம் இல்லாத, வேளாண் துறையிலிருந்து வந்த, ஒரு பெண் சொன்னது என்பதால் அந்தச் சான்றின் எடை குறைந்தது என்பது என் கருத்து. இரண்டு கட்டத்தையும் கலந்து ஒரே குழம்பாக வைத்தால் ஸ்மித்துக்கும் அநியாயம், எவன்ஸுக்கும் அநியாயம்.

கொங்கு_கட்டுத்தரை:

கயல் கண்ணு, நான் விஞ்ஞானி இல்லை, மாடு வைத்திருக்கிறவன். இங்கே எழுதுகிறவர்கள் பாலையே பேசுகிறீர்கள், இந்த நோய் மாட்டுக்காரனுக்கு அதிகம் வருவது கை வழியாக. 5 மாதத்துக்கு மேல் சினை மாடு கன்று வீசினாலோ, நஞ்சுக்கொடி விழாமல் நின்றாலோ உறை போடாமல் கையை விட்டு எடுக்கக் கூடாது என்று கால்நடை மருத்துவர்கள் தலையில் அடித்துச் சொல்கிறார்கள், யார் கேட்கிறோம். வீசின கன்றையும் நஞ்சுக்கொடியையும் நாய் இழுத்துப் போகாமல் ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். பாலை நம் வீட்டுப் பெண்கள் எப்படியும் பொங்கக் காய்ச்சிவிடுவார்கள், அதில் நாம் தப்பித்துக்கொள்கிறோம். உன் செமினாரில் இதையும் ஒரு வரி சொல்லு.

நாட்டுமாடு_நேசன்:

இதெல்லாம் சீமை மாட்டுக்கு வருகிற வியாதி. நாட்டு மாட்டுப் பாலைக் கறந்த சூட்டோடு குடித்து வளர்ந்தவர்கள்தான் நம் தாத்தா பாட்டி. காய்ச்சினால் சத்தெல்லாம் போய்விடும். பாஸ்ச்சரைசேஷன் என்பதே மெஷின் விற்கிற கம்பெனிக்காரன் கிளப்பிவிட்டது.

பழைய_லேப்காரர்:

நேசன், நீங்கள் எழுதிய கடைசி வரியை அப்படியே எவன்ஸ் மீதும் சொன்னார்கள். பாஸ்ச்சரைஸ் செய்யும் கருவி தயாரிப்பவர்களோடு கூட்டு வைத்துக்கொண்டு பேசுகிறார் என்று பால் வியாபாரிகள் தரப்பில் பேச்சு கிளம்பியது. 100 வருடம் கழித்து நம் திண்ணையில் அதே பேச்சு.

புரூசெல்லா நாட்டு மாடு, சீமை மாடு என்று ஜாதகம் பார்ப்பதில்லை. நாட்டு மாட்டிலும் எருமையிலும் ஆட்டிலும் இருக்கிறது. சத்து விஷயம், சில வைட்டமின்கள் சூட்டில் ஓரளவு குறையும், உண்மைதான், ஆனால் பாலை நாம் குடிப்பது புரதத்துக்கும் கால்சியத்துக்கும், அவை எங்கேயும் போய்விடுவதில்லை. 63 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம், அல்லது 72 டிகிரியில் 15 நொடி, இதில் புரூசெல்லாவும் காசநோய்க் கிருமியும் செத்துவிடும். வீட்டில் பொங்கக் காய்ச்சுவது அதைவிட அதிகச் சூடு. தாத்தா பாட்டி விஷயத்தில் ஒன்று கேட்கிறேன், அவர்கள் காலத்தில் காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் விட்டு விட்டு வந்த காய்ச்சலுக்கு யார் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்?

இன்னொரு பழைய கதை சொல்கிறேன், கயலுக்கும் உதவும். 1905-ல் மால்டாவிலிருந்து ஜோஷுவா நிக்கல்சன் என்ற கப்பலில் ஆடுகளை அமெரிக்காவுக்கு ஏற்றிப் போனார்கள். நல்ல பால் தரும் ஆடுகள் என்று பார்த்து அமெரிக்க வேளாண் துறைக்காக வாங்கியவை, பார்வைக்கு எல்லாம் கொழுகொழுவென்று ஆரோக்கியம். வழியில் அந்தப் பாலைக் குடித்த கப்பல்காரர்கள் பலருக்கு மால்டா காய்ச்சல். மால்டாவில் சம்மித் என்ற டாக்டர் ஆடுகளின் ரத்தத்தில் இதைக் கண்டுபிடித்ததும் அதே வருடம்தான். 1906-ல் ராணுவத்துக்கு ஆட்டுப்பால் கொடுப்பதை நிறுத்தினார்கள், சிப்பாய்களிடம் காய்ச்சல் மளமளவென்று குறைந்துவிட்டது. ஆக எவன்ஸ் வேலை பார்த்த அதே வேளாண் துறைக்கு மால்டா காய்ச்சல் கப்பலேறி வந்த கதை அவர் சேருவதற்கு முன்பே தெரியும். இருந்தும் மாட்டுப் பக்கம் யாருக்கும் புத்தி போகவில்லை.

கயல்_பால்நுட்பம்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, குறிப்பாக காலத்தை இரண்டாகப் பிரித்த நுண்ணோக்கி அண்ணாவுக்கு, என் செமினாருக்கு நடுத்தூண் கிடைத்துவிட்டது. இரண்டு சந்தேகம் மிச்சம். எவன்ஸுக்கே இந்த நோய் வந்தது என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறார்கள், அது எப்படி, எவ்வளவு காலம்? அப்புறம் அந்த இரண்டு கிருமியும் ஒன்றுதான் என்றால் இன்று பாடப்புத்தகத்தில் ஏன் அபார்ட்டஸ் (மாட்டு வகை), மெலிடென்சிஸ் (மால்டா வகை) என்று தனித்தனி இனமாக இருக்கிறது? சார் கட்டாயம் கேட்பார்.

நுண்ணோக்கி:

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். எவன்ஸ் சொன்னது நெருங்கிய உறவு என்றுதான், முழுக்க ஒன்றே என்று அடித்துச் சொல்லவில்லை, சீரம் சோதனையை நுணுக்கமாக்கி வகைகளைப் பிரிக்கும் வேலையையும் அவரே பிறகு செய்தார். 1914-ல் டிரவும் என்பவர் பன்றியிலிருந்து பிரித்தது சூயிஸ், அது மூன்றாவது. 1985-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் டிஎன்ஏவை ஒப்பிட்டுப் பார்த்து எல்லாமே ஒரே இனம்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் எந்த விலங்கில் தங்கும், மனிதனை எவ்வளவு படுத்தும் என்பது வகைக்கு வகை வேறாக இருப்பதால் நடைமுறைக்காகப் பழைய இனப் பெயர்களுக்கே திரும்பிவிட்டார்கள். யோசித்துப் பார்த்தால் ஸ்மித் கவலைப்பட்ட வித்தியாசமும் இருக்கிறது, எவன்ஸ் கண்ட ஒற்றுமையும் இருக்கிறது. உன் சாருக்கு இது பிடிக்கும்.

நோய்க் கதையை யாராவது மருத்துவப் பக்கம் இருப்பவர்கள் சொன்னால் நல்லது.

வார்டு_டூட்டி:

நர்ஸாக இருக்கிறேன், எனக்கு இந்தப் பெண்மணியின் கதையில் மனதை அறுக்கிற இடமே அதுதான், அதனால் எழுதுகிறேன். 1918-ல் அவர் பால் பிரிவிலிருந்து பொதுச் சுகாதாரத் துறையின் ஹைஜீனிக் லேபாரட்டரிக்கு மாறினார், பிற்பாடு தேசிய சுகாதார நிறுவனமாக வளர்ந்தது அதுதான். போர்க்காலம் என்பதால் முதலில் மூளைச்சவ்வுக் காய்ச்சல் வேலை, பிறகு இன்ஃபுளுயன்சா, அதில் அவரே ஃப்ளூவில் விழுந்தார். புரூசெல்லாவுக்குத் திரும்பி வந்த பிறகு 1922-ல் மால்டா வகைக் கிருமி அவரைத் தொற்றிக்கொண்டது. லேபில் தொற்றும் கிருமிகளில் இது மோசமானது, மூடியைத் திறக்கும்போது காற்றில் கிளம்பும் துளியே போதும், இன்றைக்கு இருக்கிற பாதுகாப்புப் பெட்டியெல்லாம் அன்று கிடையாது.

அதற்குப் பிறகு சுமார் 23 வருடம் விட்டு விட்டு வந்தது. சில மாதம் நன்றாக இருப்பார், திரும்பப் படுப்பார். சோதனையில் எப்போதும் பிடிபடாது. ஆகவே டாக்டர்கள் நியூரஸ்தீனியா என்று எழுதினார்கள், அதாவது நரம்புத் தளர்ச்சி, பச்சையாகச் சொன்னால் உடம்பில் ஒன்றும் இல்லை, மனசுதான் என்று. இந்த நோயைப் பற்றி உலகத்திலேயே அதிகம் தெரிந்தவர்களில் ஒருவரிடம் போய், உங்களுக்கு அந்த நோய் இல்லை, கற்பனை என்கிறார்கள்! 1928-ல் வேறு காரணத்துக்காக அறுவை சிகிச்சை செய்தபோது உள்ளே இருந்த புண்களிலிருந்து கிருமியை வளர்த்து எடுத்தார்கள். அப்போதுதான் வாய் மூடினார்கள். பெண் என்பதால் நம்பவில்லையா என்று கேட்டாயே கயல், ஆய்வுக்கட்டுரை விஷயத்தில் அண்ணன்மார் சொல்கிற மாதிரி இரண்டு பக்கம் இருக்கலாம், இந்த இடத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்றும் வார்டில் பெண்கள் வலி என்று சொன்னால் டென்ஷன் என்று எழுதி அனுப்புவதைப் பார்க்கிறேன்.

அவர் அதையும் ஆய்வாக மாற்றினார். நாள்பட்ட புரூசெல்லோசிஸ் (புரூசெல்லா கிருமியால் வரும் இந்த நோய்தான்) நோயாளிகளை நரம்புத் தளர்ச்சி என்று ஒதுக்கிவிடுகிறார்கள் என்று 1934-ல் டாக்டர்களுக்கான இதழிலேயே எழுதினார். கிருமி உள்ளே கிடந்த அதே 1928-ல்தான் அமெரிக்க பாக்டீரியாலஜிஸ்டுகள் சங்கத்துக்குத் தலைவரானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். 1945-ல் ஓய்வு. அதற்குப் பிறகும் சும்மா இல்லை. 1966-ல், 85 வயதில், முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கப் போனார். கம்யூனிஸ்ட் அமைப்புகளில் இல்லை என்று உறுதி கொடுக்கச் சொல்லும் பகுதி அந்தப் படிவத்தில் இருந்தது, அது பேச்சுரிமைக்கு எதிரானது என்று மல்லுக்கு நின்றார். அடுத்த வருடம் நீதித்துறை அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டது. 1975-ல் 94 வயதில் இறந்தார்.

கொங்கு_கட்டுத்தரை:

நர்ஸம்மா, அது மாட்டுக்குக் கன்று வீசவைக்கிறது, மனுசனுக்குக் காய்ச்சல் தருகிறது, ஒரே கிருமி ஏன் இப்படி ஆளுக்கொரு வேலை செய்கிறது? அப்புறம் கிடாரிக் கன்றுக்கு மட்டும் ஊசி போடுகிறார்கள், காளைக்கன்றுக்குப் போட மாட்டேன் என்கிறார்கள், அதுவும் ஏன் என்று யாராவது சொல்லுங்கள்.

பழைய_லேப்காரர்:

இதை நான் சொல்கிறேன். சினை மாட்டின் நஞ்சுக்கொடியில் எரித்ரிட்டால் என்று ஒரு சர்க்கரை ஆல்கஹால் நிறைய இருக்கிறது, மாட்டு வகைக் கிருமிக்கு அது விருந்து. அதனால் அங்கே போய்ப் பெருகிக் கன்று வீச வைக்கிறது. மனித நஞ்சுக்கொடியில் அது இல்லை. 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள். அதனால் கர்ப்பிணிகள் பயமில்லாமல் தொழுவத்தில் வேலை செய்யலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அவர்களுக்கும் இந்தத் தொற்றால் கரு கலைந்தது உண்டு, காரணம் வேறு.

ஊசி விஷயம். போடுவது ஸ்ட்ரெயின் 19 என்ற உயிருள்ள, வீரியம் குறைந்த கிருமி. 1923-ல் அமெரிக்க வேளாண் துறையில் பக் என்பவர் ஒரு ஜெர்சி மாட்டுப் பாலிலிருந்து பிரித்தார், அது லேபில் அறை வெப்பத்திலேயே ஒரு வருடத்துக்கும் மேல் கிடந்து தானாக வீரியம் இழந்துவிட்டது. நம் நாட்டில் 2019-ல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில் 4 முதல் 8 மாத வயதுள்ள கிடாரிகளுக்கு வாழ்நாளில் ஒரு தடவை. பெரிய மாட்டுக்குப் போட்டால் பின்னால் ரத்தப் பரிசோதனையில் நிஜ நோயா, ஊசியின் விளைவா என்று பிரிப்பது கஷ்டமாகிவிடும், சினை மாடாக இருந்தால் ஊசியே கன்று வீச வைக்கலாம். காளைக்கன்றுக்குப் போட்டால் விரை வீங்கக் கூடும், கன்று வீசுகிற பேச்சும் அதற்குக் கிடையாது, ஆகவே போடுவதில்லை.

கயல், உன் சார் இதில் ஒரு கொக்கி போடலாம்: ஊசி போடும்போது கால்நடை மருத்துவர் கையில் தவறிக் குத்திக்கொண்டால் என்ன ஆகும் என்று. உயிருள்ள கிருமி என்பதால் அவருக்கே நோய் வரலாம், உடனே கழுவிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். வந்துவிட்டால் டாக்ஸிசைக்ளின், ரிஃபாம்பிசின் இரண்டையும் சேர்த்து 6 வாரம் கொடுப்பது வழக்கம். பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும்.